நான்கு டீ சொன்ன மனிதர்

புதிதாகப் பொருத்திய லிஃப்டில் முதலில் ஏறுவது இரும்புக் கட்டிகள்தான். ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ. மூன்று கட்டி சேர்ந்தால் ஒரு ஆள் என்று கணக்கு. எட்டுப் பேர் போகிற லிஃப்ட் என்றால் இருபத்து நான்கு கட்டிகளை உள்ளே அடுக்க வேண்டும். மேலும் கீழுமாகப் பலமுறை ஓட்டி, நடுவழியில் நிறுத்தி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சான்றிதழில் கையெழுத்து. இருபத்திரண்டு வருடமாக இந்தக் கையெழுத்தைப் போட்டுவரும் பரிசோதகர் ஒருவர் இருக்கிறார். கட்டிகளைப் பற்றி அவர் மரியாதையாகத்தான் பேசுவார். "ஆறு பேர் ஏறியாச்சு, இன்னும் ரெண்டு பேர் வெளியில நிக்கிறாங்க" என்பார். அவர் கையெழுத்திட்ட லிஃப்ட் எதுவும் இதுவரை நடுவில் நின்றதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அவர் வீட்டில் நடந்ததைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

வேலையில் கற்ற நல்ல பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள் அதற்கு இங்கேயும் பாராட்டுக் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். பரிசோதகரும் எதிர்பார்த்தார்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், மூத்த மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது, மனைவியையும் குழந்தையையும் ஒரு பறவைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினால், வாசலில் பெரிய பூட்டு. கூண்டுகளுக்கு வண்ணம் அடிக்கிறார்களாம். குழந்தை பூட்டைப் பிடித்து ஆட்டி ஆட்டி அழுதது. திரும்பி வரும் இரண்டு பஸ்ஸிலும் அழுதது. மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும்.

அதிலிருந்து, குடும்பத்தோடு எங்கே போவதானாலும் முந்தின வாரம் அவர் தனியாக ஒருமுறை போய்விட்டு வருவார். அதற்கு அவர் வைத்த பெயர் ஒத்திகை. ஒரு சின்ன நோட்டும் உண்டு. 'நிழல்: பன்னிரண்டரைக்கு மேல். கழிப்பறை: உண்டு. தாழ்ப்பாள் இல்லை, ஒருவர் வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாய்: ஒன்று, கிழடு.' இப்படிப் பக்கம் பக்கமாக இருக்கும். சாப்பாட்டுப் பை எவ்வளவு கனக்கும் என்று யோசித்து, அதே கனத்துக்கு இரும்பைப் பையில் போட்டுக்கொண்டு முந்நூறு படி ஏறியிருக்கிறார். கடற்கரை விடுதியில் இரண்டு நாள் தங்கப் போவதற்கு முன்னால் அங்கே ஒரு சனிக்கிழமை தனியாகப் போய், அறையிலிருந்த மூன்று கட்டிலிலும் முறை வைத்துப் படுத்துப் பார்த்திருக்கிறார். எது கிறீச்சிடுகிறது என்று தெரிய வேண்டாமா?

பலன் ஒன்று சந்தேகமில்லாமல் கிடைத்தது. பன்னிரண்டு வருடத்தில் அந்தக் குடும்பம் எங்கேயும் பூட்டிய கதவைப் பார்க்கவில்லை, வெயிலில் நிற்கவில்லை, பஸ்ஸைத் தவறவிடவில்லை. வேறு எதையும் அவர்கள் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. அருங்காட்சியகத்தில், "இப்ப திரும்பினதும் ஒரு திமிங்கல எலும்புக்கூடு வரும், பயப்படாதே" என்று இளையவளிடம் சொன்னார். அவளுக்கு அப்போது ஆறு வயது. பயப்பட ஆசைப்படுகிற வயது. அப்பா சொன்ன இடத்தில் அப்பா சொன்ன அளவில் எலும்புக்கூடு இருந்தது. "ஆமாம், இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த அறைக்குப் போனாள்.

பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் மனைவி இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். யாராவது, "என்ன, இந்த வாரம் எங்கே?" என்று கேட்டால், "மறுஒளிபரப்பு பாக்கப் போறோம்" என்பாள்.

மூத்தவளுக்குப் பதினைந்து வயதானபோது சிக்கல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில், அவர் அடுத்த பயணத்தைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"நான் வரல" என்றாள் மூத்தவள்.

"ஏன், பரீட்சையா?"

"இல்ல. இனிமே எதுக்குமே வரல. நீங்க நோட்டைப் படிச்சுக் காட்டுங்க. வீட்லயே உக்காந்து கேட்டுக்கிறேன். பஸ் சார்ஜாவது மிச்சம்."

இளையவள் சிரித்தாள். மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு மட்டும் கொஞ்சம் கோணியது. பரிசோதகர் சிரிக்கவில்லை. ஒரு வீட்டில் பதினைந்து வயதுப் பெண் 'இனிமே' என்று சொல்லும்போது அதற்கு எவ்வளவு கனம் என்று இரும்பு வைத்துப் பார்க்க முடியாது. இன்னும் மூன்று வருடத்தில் அவள் படிக்க எங்கேயோ போய்விடுவாள். பரீட்சை மாதங்களைக் கழித்து மாதம் ஒரு பயணம் என்று வைத்தால், அதுவரை இருப்பது அதிகம் போனால் முப்பது ஞாயிற்றுக்கிழமைகள். அவர் ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தார்.

"என்ன செஞ்சா வருவே?" என்று கேட்டார்.

மூத்தவள் இதற்குத் தயாராகவே இருந்தாள். "நீங்க பாக்காத இடம். நான்தான் சொல்லுவேன். முன்னாடி போய்ப் பாக்கக் கூடாது. போனீங்கன்னு தெரிஞ்சுதுன்னா அதோட சரி. எப்பவுமே வரமாட்டேன்."

"சரி."

"சும்மா சரின்னு சொல்லாதீங்க."

"சரிம்மா. போகமாட்டேன்."

அவள் சொன்ன இடம் நகரத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் இருக்கும் ஒரு நீர்த்தேக்கம். வகுப்பில் யாரோ சொன்னார்களாம். இரண்டு வாரம் கழித்துப் போவது என்று முடிவானது.

முதல் நாலு நாள் அவர் சொன்ன சொல்லில் நின்றார். ஐந்தாம் நாள், ஒரு துணிக்கடையில் லிஃப்ட் ஏறி இறங்கும் குழிக்குள் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த நீர்த்தேக்கத்துக்கு வேலி இருக்குமா என்ற எண்ணம் வந்தது. வேலி இருந்தால் எவ்வளவு உயரம்? இளையவள் எதையும் பார்த்தால் ஓடுகிற பெண். ஆறாம் நாள் கழிப்பறையைப் பற்றி யோசித்தார். ஏழாம் நாள் சனிக்கிழமை. "ஒரு லிஃப்ட்ல அவசர வேலை" என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பையில் சாப்பாட்டு டப்பாக்களுக்குப் பதிலாக ஐந்து கிலோ இரும்பு இருந்தது. அது ஒன்றுதான் அவர் சொன்ன பொய்யில் உண்மையான பகுதி.

அக்கறை என்பது ஒரு வகையில், நாளையைப் பிடித்து இழுத்து வந்து நேற்றாக மாற்றிவிடும் ஆசை. நேற்றில் யாரும் தண்ணீரில் விழ முடியாது. திடுக்கிடவும் முடியாது என்பதை இந்த ஆசைக்காரர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

வேலி இருந்தது. அவர் மார்பளவு. கழிப்பறை இருந்தது, தாழ்ப்பாளோடு. கரையோரம் வரிசையாக நின்ற மரங்களில் மூன்றாவதின் நிழல் ஒரு மணிக்கு நன்றாக விழுந்தது. அங்கே பாயை விரித்து நான்கு மூலையிலும் உட்கார்ந்து பார்த்தார். நாலு மணிக்குக் கரைமேல் இருந்த டீக்கடைக்குப் போனார். கூட்டம் இல்லாத நேரத்தில் நான்கு டீ வர எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தால்தானே ஐந்து பத்துக்குக் கிளம்பும் பஸ்ஸைப் பிடிக்க முடியும்? நான்கு டீ சொன்னார். ஏழு நிமிடம் ஆனது.

கடையை நடத்துகிற அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நான்கு கிளாஸையும் மேசையில் வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தாள். "மத்தவங்கல்லாம் எங்க தம்பி?" என்றாள்.

சொன்ன சொல்லை மீறி வந்திருக்கும் ஆள் அதற்கு என்ன பதில் சொல்வார்? தலையை மட்டும் ஆட்டினார். கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

கொடுத்ததைக் குடிக்காமல் போனால் மரியாதை இல்லையே என்று நான்கையும் ஒவ்வொன்றாகக் குடித்து முடித்தார். பிறகு ஐந்து பத்து பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, லிஃப்ட் சரியாகிவிட்டது என்றார்.

எட்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, நான்கு பேரும் கிளம்பினார்கள்.

ஒன்றும் தெரியாதவர் போல இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும். அது அவருக்குச் சுத்தமாக இல்லை. பஸ் இன்னும் ஒரு நீளமான மதில் சுவரை ஒட்டிப் போய்க்கொண்டிருக்கும்போதே, "அடேயப்பா, எவ்வளவு தண்ணி!" என்றார். இளையவள் சுவரைப் பார்த்தாள். மனைவி அவரைப் பார்த்தாள். தினமும் பல் தேய்த்ததாகச் சொல்கிறவர்களின் வாயை வருடக்கணக்காகப் பார்த்துவருகிறவள் அவள்.

"எங்கங்க தண்ணி?"

"இருக்கும்ல. நீர்த்தேக்கம்னா தண்ணி இருக்கும்தானே."

சுவர் முடிந்தது. தண்ணீர் தெரிந்தது. இப்போது மறுபடி வியக்க வேண்டுமா, முன்னால் வியந்ததே போதுமா என்று தெரியாமல் அவர் விழித்தார்.

கரையில் நடந்தார்கள். முதல் மரத்தடியில் நல்ல நிழல் இருந்தது. அதைத் தாண்டி மூன்றாவது மரத்தடியில், சுள்ளென்று வெயில் அடிக்கும் இடத்தில், அவர் பாயை விரித்தார்.

"இங்க வெயிலா இருக்கே அப்பா" என்றாள் மூத்தவள்.

"நிழல் வரும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வரலாம்னு தோணுது."

ஒரு மணிக்கு நிழல் வந்தது. பிறகு கழிப்பறை எங்கே இருக்கிறது என்று வழியில் போன ஒருவரிடம் கேட்டார். ஆனால் கேட்கும்போதே அதை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அந்த ஆள் பின்னாலேயே வந்து, "நீங்க போற பக்கம்தான்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. மூத்தவள் அப்போது தங்கையோடு தண்ணீரில் கல் எறிந்துகொண்டிருந்தாள். அவள் முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. காலையிலிருந்து மூன்றுமுறை சிரித்திருந்தாள். அவர் அதை எண்ணி வைத்திருந்தார்.

நாலு மணி ஆனது.

"டீ குடிக்கலாம்" என்றாள் மனைவி. "மேல ஒரு கடை தெரியுது."

"வேண்டாம். வீட்ல போய்க் குடிச்சுக்கலாம்."

"நாலு மணி டீயை நீங்க வேண்டாம்ங்கிறீங்களா? உடம்புக்கு ஏதாவது செய்யுதா?"

"கடை எப்படியோ என்னமோ."

"போய்ப் பாத்தாத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். அந்தக் குடும்பத்தில் அந்த வாக்கியத்தை அதுவரை அவர் மட்டும்தான் சொல்லிவந்தார்.

டீக்கடை அம்மா பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு மனைவியை. பிறகு இரண்டு பெண்களையும். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையோடு வெளியே வந்து, இளையவளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அந்த அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"இருக்கீங்களா எல்லாரும்?" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. புரிந்த ஒரே ஆள் மேசையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் தம்பி மட்டும் வந்தாரு. அந்த மரத்தடியில பாயை விரிச்சு நாலு மூலையிலும் மாறி மாறி உக்காந்தாரு. அப்புறம் இங்க வந்து நாலு டீ சொன்னாரு. மத்தவங்க எங்கன்னு கேட்டேன். தலையை ஆட்டிட்டுக் குனிஞ்சுக்கிட்டாரு. ஒவ்வொரு டீயா, இடம் மாறி மாறி உக்காந்து குடிச்சாரு. பாவம், எல்லாரையும் பறிகொடுத்துட்டு, பழைய ஞாபகத்துல வந்திருக்காருன்னு நெனைச்சேன். வாரம் பூரா எனக்குச் சோறு எறங்கல."

"அப்ப நாங்க செத்துட்டோமா?" என்றாள் இளையவள், மிகுந்த ஆர்வத்தோடு.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்புதான், ஆனால் அது வெளியே வர இன்னும் அனுமதி கிடைக்கவில்லை, ஏனென்றால் அவள் மூத்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீக்கடை அம்மாவுக்கு மெல்ல விஷயம் விளங்கியது. அழுகை நின்றது, கோபம் வந்தது. "அப்ப எதுக்குய்யா வந்தே?"

"எவ்வளவு நேரமாகும்னு பாக்கக்கா."

"எதுக்கு?"

"நாலு டீக்கு."

"குத்துக்கல்லாட்டம் குடும்பத்தை வீட்ல வெச்சுக்கிட்டு, தனியா உக்காந்து நாலு டீ குடிக்கிற ஆளை நான் பாத்ததே இல்ல சாமி" என்றாள் அவள். இப்போது மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடையின் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மூத்தவள் சிரிக்கவில்லை. எழுந்து கரையோரமாக நடந்து போய்விட்டாள்.

பரிசோதகர் பின்னாலேயே போனார். பத்தடி தள்ளியே நடந்தார். கரை ஓர் இடத்தில் இடது பக்கம் வளைந்தது. அந்த வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் நின்றாள்.

"சொன்னேன்ல" என்றாள், திரும்பாமலே.

"சொன்னே."

"சரின்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

வேலியின் உயரத்தைச் சொல்லலாம் என்று நினைத்தார். அது இப்போது உதவாது என்று அவருக்கே தெரிந்தது. முப்பது ஞாயிற்றுக்கிழமையும் கண்ணெதிரே ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

பிறகு அவள் கேட்டாள்: "இடம் மாறி மாறி உக்காந்து குடிச்சீங்களா?"

"ஆமா."

"என் டீ எது?"

"மூணாவது."

"ஏன் மூணாவது?"

"உனக்குச் சூடு ஆகாது. ஆற வெச்சுத்தானே குடிப்பே. உங்கம்மாவோடது ரெண்டாவது. அவ பாதி குடிச்சுட்டு எங்கயாவது வெச்சுட்டு மறந்துடுவா. நானும் பாதி குடிச்சுட்டு ஜன்னல்ல வெச்சேன். அப்புறம் மனசு கேக்கல, எடுத்துக் குடிச்சுட்டேன். சின்னவளோடது கடைசி. ரெண்டு ஸ்பூன் சர்க்கரை கூட."

அவள் திரும்பவில்லை. ஆனால் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. பார்க்க வேண்டுமென்றால் முன்னால் போக வேண்டும். முதல்முறையாக அவர் முன்னால் போகாமல் நின்றார்.

"அந்த வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"பொய்."

"நிஜமாவே தெரியாதும்மா."

"இவ்வளவு தூரம் வந்துட்டு அங்க மட்டும் போகலையா?"

அவர் தயங்கினார். "போகலாம்னுதான் நடந்தேன். நாலு டீ குடிச்சிருந்தேன்ல. இந்த இடம் வந்ததும் அவசரமாயிடுச்சு. ஓடினேன். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு."

அவள் திரும்பினாள். சிரிப்புதான். அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. "அம்மா!" என்று கத்தினாள். "அப்பாவுக்குத் தெரியாத எடம் ஒண்ணு இருக்காம்! ஓடி வாங்க!"

நான்கு பேருமாக வளைவைத் தாண்டினார்கள். வேலி அங்கே முடிந்திருந்தது. பரிசோதகர் பத்தடிக்கு ஒருமுறை நின்றார். தரையை மிதித்துப் பார்த்தார். "மெதுவா, மெதுவா" என்றார். எது மெதுவாக வேண்டும் என்று அவருக்கே தெரியவில்லை.

வளைவுக்கு அப்பால் அழகாக ஒன்றும் இல்லை என்பதை மறைப்பதற்கில்லை. பூட்டிய பம்ப் அறை ஒன்று. கவிழ்த்துப் போட்ட பழைய படகு ஒன்று. அதன் மேல் ஐந்தாறு ஆமைகள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. இவர்கள் வந்த சத்தத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீருக்குள் தொபுக் தொபுக்கென்று விழுந்தன. "ஐயோ!" என்று அலறியபடி பின்னால் தாவிய பரிசோதகரின் கால் முழங்கால் வரைக்கும் சேற்றில் புதைந்தது. வலது ஷூ உள்ளேயே தங்கிவிட்டது.

இளையவள் கைதட்டினாள். "அப்பா பயந்துட்டாரு! அப்பா பயந்துட்டாரு!"

"உங்களுக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றாள் மனைவி. "திரும்பினதும் ஆமை வரும், பயப்படாதீங்கன்னு."

மூத்தவள் ஒரு குச்சியால் ஷூவைத் தோண்டி எடுக்க இருபது நிமிடம் ஆனது. ஐந்து பத்து பஸ் கரைமேல் போவது எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் ஓடவில்லை.

திரும்பி டீக்கடைக்கு வந்தார்கள். டீக்கடை அம்மா கேட்காமலே நான்கு டீ போட்டாள். ஒரு கிளாஸை அவர் முன்னால் டக்கென்று வைத்து, "உனக்கு ஒண்ணுதான்" என்றாள். மனைவி பாதி குடித்துவிட்டு ஜன்னலில் வைத்தாள். மறந்தாள். மூத்தவள் ஊதிக்கூடப் பார்க்காமல் ஆற வைத்தாள். பரிசோதகர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒத்திகையில் எதுவும் தப்பவில்லை.

"அடுத்த பஸ் எப்போ?" என்றாள் இளையவள்.

"அதைப் பாக்கலையே" என்றார். சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது.

மூத்தவள் கையை நீட்டினாள். "நோட்டைக் குடுங்க."

கொண்டுவரவில்லை என்று சொல்ல வாயெடுத்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் ஒரு புதிய பக்கத்தில் எழுதி, அவரிடம் காட்டினாள். 'பஸ் பார்க்கலாம். கழிப்பறை பார்க்கலாம். அதற்கு மேல் ஓர் அடி வைத்தால் நான் வரமாட்டேன்.' அடியில் அவர் பெயரை எழுதி, பக்கத்தில் கோடு போட்டிருந்தாள்.

"வேலி?" என்றார்.

அவள் யோசித்தாள். தங்கையைப் பார்த்தாள். 'வேலி' என்று ஒரு வார்த்தை சேர்த்தாள். எட்டுப் பேர் லிஃப்டுக்கு யோசிப்பதைவிட அதிக நேரம் யோசித்து, அவர் கையெழுத்துப் போட்டார்.

அதற்கு அடுத்த மாதம் அவர்கள் போவதாக இருந்தது ஒரு அருவிக்கு. வழக்கம்போல முந்தின சனிக்கிழமை பரிசோதகர் போனார், வீட்டில் சொல்லிவிட்டே. பஸ் நேரங்களைக் குறித்துக்கொண்டார். வேலியை ஆட்டிப் பார்த்தார். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருந்தது. திரும்பும் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு, பஸ் நிறுத்தத்துச் சிமென்ட் பெஞ்சில், அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சாரல் கழுத்தில் பட்டது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்று சத்தத்தை வைத்தே ஊகிக்க அவரால் முடியும். ஊகிக்காமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், "அருவியைப் பாக்கலையா சார்? இவ்வளவு தூரம் வந்துட்டு?" என்றார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை பாப்பேன்" என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த காலி சாலையைப் பார்த்தபடி டீயை ஊதிக் குடித்தார்.